மயில்மீனின் முதுகு

"நீலம் கிடைக்க மாட்டேங்குது, டீச்சர்" என்றார் குணசீலன் சார்.

சார் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டீச்சர் என்று கூப்பிட்டது மீன் விற்கும் ரீத்தம்மாளை. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள்.

ஊர் சிரித்தது. சார் சட்டை செய்யவில்லை. கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குப்பையைக் கம்பியில் கட்டி அவள் செய்த திருக்கை மீனை ஒருநாள் பார்த்தார். மறுநாளே சிஷ்யனாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

ரீத்தம்மாளிடம் ஒரே சட்டம். நம்ம கரையில், நம்ம கையால் பொறுக்கினதைத்தான் கட்டணும்.

சார் செய்துகொண்டிருந்தது ஆளுயர மயில்மீன். வயிறு வெள்ளை, வால் கறுப்பு, எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. முதுகில் விரியும் நீலத் தோகைதான் பாக்கி. அதற்கு நீல நிறப் பாட்டில் மூடி வேண்டும், குறைந்தது இருநூறு.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் திருநாள். மீன் கோயில் வாசல்ல நிக்கணும் டீச்சர். நான் இத்தன வருஷமும் கரும்பலகையில செம்பருத்தி வரைஞ்சு, மணியடிச்சதும் அழிச்சவன். அழியாம ஒண்ணாவது என் பேர்ல நிக்க வேண்டாமா?"



ரீத்தம்மாள் சாளை மீனைக் கூறு கட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்து பாருங்க சார்."

சார் நடந்தார். கலங்கரை விளக்கம் வரை போய் வந்தார். செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

"ஒம்பது மூடி."

"அவ்வளவுதானா!" என்றாள் ரீத்தம்மாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சிரிக்காதீங்க டீச்சர். எல்லாம் இந்த வள்ளக்காரங்க பண்ற வேலை."

அது உண்மைதான். தாங்கள் கடலில் வீசிய பாட்டிலை ரீத்தம்மாளின் திருக்கை வயிற்றில் பார்த்து, வள்ளக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் வெட்கப்பட்டார்கள். இப்போது குடித்த பாட்டிலை வள்ளத்திலேயே கட்டிக் கொண்டுவந்து பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறார்கள். மூடியைக்கூட விடுவதில்லை.

"முன்னெல்லாம் குனிஞ்ச எடத்துல கூடை நெறையும்னு சொல்றாங்க. நான் வந்த நேரம் இப்படி" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ரீத்தம்மாள் அவருக்கு நாலு சாளை பொதிந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை விடியற்காலை. கரையில் ஆளில்லை. சார் ஒரு சாக்கோடு வந்தார். டவுனில் தண்ணீர் பாட்டில் நிரப்பும் இடத்தில் தெரிந்தவரைப் பிடித்து வாங்கிய புது நீல மூடிகள். பளபளவென்று இருந்தன.

சட்டத்தை மீற அவருக்கு மனம் வரவில்லை. அதனால் மூடிகளைக் கடலில் கொட்டினார். அலை கரைக்குக் கொண்டுவரும், பொறுக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

ஓவிய வாத்தியாருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்? அது கச்சான் வீசுகிற மாதம். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. மூடிகள் வரிசை கட்டிக்கொண்டு உள்ளே போயின.

"ஐயோ" என்று வேட்டியோடு கடலில் இறங்கினார் சார்.

"என்ன சார், குளிக்கீயளா?"

பின்னால் ரீத்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காலி சாக்கைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கையை வாயருகே குவித்து ஒரு கூப்பாடு போட்டாள்.

வள்ளக்காரர்கள் ஓடிவந்தார்கள். நீலம் மிதப்பதைப் பார்த்ததும் அவர்களுக்கு வந்ததே கோபம்!

"எந்த ஊர்க்காரன்டா நம்ம கடல்ல கொட்டினவன்?"

"அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்!"

"படிச்சவன் எவனாவதாத்தான் இருக்கும்!"

சார் இடுப்பளவு தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரீத்தம்மாள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. வள்ளம் விட்டு, வலை வளைத்து, வசவும் சிரிப்புமாகக் கடைசி மூடிவரை அள்ளிக் கரையேற்றினார்கள்.

எல்லாரும் போனபின் ரீத்தம்மாள் சாக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"நம்ம கரையில எடுத்ததுதான சார். கட்டுங்க."

சார் ஒரு மூடியை எடுத்தார். கம்பியை எடுத்தார். கை ஓடவில்லை. காது மடல் வரை எரிந்தது. மூடியைச் சாக்கிலேயே போட்டார்.

"டவுனுக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாரேன் டீச்சர். திருநாளுக்கு மீனை வைக்க வேண்டாம். முதுகுல வெறும் கம்பி. பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"கொடுத்துட்டு வாங்க" என்றாள் ரீத்தம்மாள்.

மறுநாள் திருநாள். சார் கோயிலுக்கு வந்தபோது வாசலில் மயில்மீன் நின்றது. ரீத்தம்மாள் ஆள் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். அதுவும், வெறும் முதுகு ஊருக்குத் தெரிகிற மாதிரி.

சாருக்குத் திரும்பி ஓடிவிடலாம்போல் இருந்தது. அதற்குள் வள்ளக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மீன் உசிரோட நிக்கு சார்! ஆனா தோகை எங்க?" என்றார் அவர்களில் மூத்தவரான மிக்கேல்.

 சாருக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அஞ்சு நாளாத் தேடினேன் அண்ணாச்சி. தோகைக்குக் காணுற அளவு நீல மூடி நம்ம கரையில இல்ல."

மிக்கேல் மீனை ஒருமுறை சுற்றி வந்தார். வெறும் கம்பியில் விரலை ஓட்டினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மற்றவர்களைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"எல, எல்லாவனும் இந்தப் பக்கம் வாங்கல. போட்டோ எடுக்கணும். வயிறும் வாலுந்தான் சார் செஞ்சது. இந்த முதுகு நாம செஞ்சது!"