பின்னால் உருண்ட வண்டி

ஆற்றங்கரைப் பொந்து ஒன்றில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. கணவன் பெயர் சில்லான், மனைவி பெயர் வேம்பி. அவர்களுக்குப் பிறந்து பன்னிரண்டு நாளான இரண்டு குட்டிகள்.

மழைக்காலம் தொடங்க முப்பது நாள் இருந்தது. தொடங்கிவிட்டால் ஆற்று நீர் பொந்துக்குள் வந்துவிடும். அதற்குள் குட்டிகளை மலை மேலே உள்ள குகைக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு உயரம் நடக்கக் குட்டிகளால் முடியாது.

"ஒரு வண்டி வாங்கிவிடலாம்" என்றான் சில்லான்.

அந்தக் காட்டில் வண்டி விற்பது மயில் மட்டும்தான். சில்லான் போனதும் மயில் தோகையை விரித்தது. சில்லான் தோகையை நன்றாகப் பார்த்தான். வண்டியைப் பார்க்க மறந்துவிட்டான்.

"தம்பி, இந்த வண்டியை மேட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது மூச்சு வாங்குகிறதா? கையை விட்டுவிடு. நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரத்துக்குக் கல் வைக்கக்கூட வேண்டாம்" என்றது மயில்.

விலை, உதிர்ந்த முட்கள் அறுபது. மயிலின் தோட்டத்துக்கு வேலி போட அவை தேவைப்பட்டன. சில்லான் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொடுத்தான்.

மறுநாள் குட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பாதி மேட்டில் சில்லானுக்கு மூச்சு வாங்கியது. கையை விட்டான். வண்டி பின்னால் உருண்டது. உருண்டு உருண்டு உண்ணிச்செடிப் புதரில் போய் விழுந்தது. ஒரு குட்டிக்கு மூக்கில் சிராய்ப்பு. இன்னொரு குட்டி, "அப்பா, இன்னொரு தடவை" என்றது.

சில்லானுக்குக் கோபம் வந்தால் முட்கள் தாமாகவே எழுந்துவிடும். எதிரில் இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள். அதனால் அவன் சின்ன வயதிலிருந்தே எல்லாரிடமும் மெதுவாகப் பேசிப் பழகியிருந்தான்.

"ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். வண்டி மேட்டில் நிற்கவில்லை" என்று மயிலிடம் போய்ச் சொன்னான்.

"அச்சில் கோளாறு. ஐந்தே நாள்" என்றது மயில்.

மயிலிடம் தச்சு வேலை பார்த்தது மரங்கொத்தி. கூடவே வந்திருந்த வேம்பி அதனிடம் ஒரு மரப்பட்டையை நீட்டினாள். "அண்ணே, மேட்டில் கையை விட்டால் வண்டி பின்னால் உருளுகிறது. இந்தக் குறையை இதில் கொத்திக் கொடுங்கள்."

"எதற்கம்மா?"

"எனக்கு ஞாபகமறதி."

மயில் சிரித்தது. "கொத்திக் கொடுப்பா. குழந்தைகள் வைத்து விளையாடட்டும்."

மரங்கொத்தி ஒரு சாய்வுக் கோடும், அதில் கீழ்நோக்கி மூன்று புள்ளிகளும் கொத்திக் கொடுத்தது.

ஐந்து நாள் கழித்து வண்டி வந்தது. அன்றே மேட்டில் பின்னால் உருண்டது. சில்லான் மறுபடி போய் நின்றான்.

"அச்சுக் கோளாறு தீர்ந்துவிட்டதே. இது புதுக் கோளாறு. சக்கரம்" என்றது மயில். இன்னும் ஐந்து நாள் போனது. வண்டி வந்தது, உருண்டது.

"சக்கரம் சரியாகிவிட்டது. இப்போது கோளாறு, நீ பிடித்து இழுக்கும் ஏர்க்காலில்" என்றது மயில். மேலும் ஐந்து நாள் போனது. ஒவ்வொரு முறையும் குறையைக் கொத்தி வாங்கியதில் வேம்பியிடம் மூன்று மரப்பட்டைகள் சேர்ந்தன.

நான்காம் முறையும் வண்டி உருண்டபோது, மழைக்குப் பதினான்கு நாள்தான் இருந்தது.

"வண்டியில் ஒரு குறையும் இல்லை. மேட்டில்தான் கோளாறு. சமதரையில் ஓட்டிப் பார்" என்றது மயில்.

சில்லானின் முட்கள் சிலிர்த்து எழுந்தன.

"எல்லாரும் பாருங்கள், மிரட்டுகிறான்" என்று கத்தியது மயில்.

"மன்னிக்க வேண்டும் ஐயா" என்று தலைகுனிந்தான் சில்லான்.

"எதற்கு மன்னிப்பு கேட்கிறீர்கள்? நடங்கள், மன்றத்துக்குப் போவோம்" என்றாள் வேம்பி.

நாவல் மரத்தடியில் காட்டு மன்றம் கூடியது. தலைவர் இடத்தில் காட்டெருது அசைபோட்டபடி படுத்திருந்தது.

"சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஒரே குறைக்கு மூன்று முறை வேலை பார்த்தும் தீரவில்லை என்றால், வேறு வண்டி தர வேண்டும். இல்லையேல் விலையைத் திருப்பித் தர வேண்டும். எது வேண்டும் என்று வாங்கியவர் சொல்லலாம்" என்றது காட்டெருது.

"அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரே குறை என்றால்தானே? இங்கே அச்சு ஒரு முறை, சக்கரம் ஒரு முறை, ஏர்க்கால் ஒரு முறை. எதுவும் இரண்டாம் முறை வரவில்லை" என்றது மயில்.

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். சில்லானும் தலையாட்டினான். வேம்பி அவன் விலாவில் இடித்தாள். பிறகு மூன்று பட்டைகளையும் முன்னால் வைத்தாள்.

"இதைக் கொத்தியது யார்?" என்று கேட்டது காட்டெருது.

"நான்தான்" என்றது மரங்கொத்தி.

"என்ன பொருள்?"

"மேட்டில் கையை விட்டால் பின்னால் உருளுகிறது என்று பொருள்."

"மூன்றிலுமா?"

"மூன்றிலும் அதேதான். அந்த அம்மா வேறு எதுவும் சொன்னதில்லை."

மயில் முறைத்தது. "யாரைக் கேட்டுக் கொத்தினாய்?"

"நீங்கள்தானே கொத்திக் கொடு என்றீர்கள்?"

காட்டெருது அசைபோடுவதை நிறுத்தியது. "வயிற்றுவலி என்று வந்தவனுக்கு ஒருநாள் காலுக்கும், ஒருநாள் காதுக்கும், ஒருநாள் வாலுக்கும் மருந்து போட்டால் மூன்று நோய் தீர்ந்தது என்றா கணக்கு? வலி ஒன்றுதான். குறை எது என்று சொல்ல வேண்டியது வண்டியில் போகிறவர்கள். விற்றவர் அல்ல."

"இவன் முள்ளைக் காட்டி மிரட்டினான்" என்றது மயில்.

"குத்தினானா?"

"இல்லை."

"அப்படியென்றால் அது அவன் உடம்பு. அம்மா, உங்களுக்கு எது வேண்டும்?"

"வேறு வண்டி வேண்டும். மழைக்கு முன்னால் குட்டிகள் மேலே போயாக வேண்டும். ஆனால் மேட்டில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் வாங்குவோம்" என்றாள் வேம்பி.

"தாராளமாகப் பாருங்கள். யாரை ஏற்றிப் பார்ப்பது?" என்றது மயில்.

"உங்களைத்தான்."

எல்லாரும் மயிலின் கடைக்குப் போனார்கள். மயில் தன் வாசலில் நின்ற பளபளப்பான வண்டியை ஒரு முறை பார்த்தது. மேட்டை ஒரு முறை பார்த்தது. "இருங்கள், இது வேண்டாம். உள்ளே வேறொன்று இருக்கிறது" என்று ஓடியது.

கொண்டுவந்த வண்டிக்குச் சாயம்கூடப் பூசியிருக்கவில்லை. மயில் அதில் ஏறித் தோகையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடியது. பாதி மேட்டில் சில்லான் கையை விட்டான். வண்டி அசையாமல் நின்றது. எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது மயில்தான்.

அன்று மாலைக்குள் குட்டிகளும் கிழங்கு மூட்டைகளும் இரண்டு நடையில் குகைக்குப் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் மழை தொடங்கியது. பழைய பொந்தில் ஆறு புகுந்தபோது உள்ளே யாரும் இல்லை.

வாங்கிய பொருளில் குறை இருந்தால், விற்றவர் அதற்கு வைக்கும் பெயரை நம்பாமல், நாம் சொன்ன குறையை அன்றன்றே பதிவுசெய்து வைத்துக்கொண்டு நம் உரிமையைத் தயங்காமல் கேட்க வேண்டும்.