அரசர் முகத்தின் நான்கெல்லை

கொன்றைநாட்டு அரசர் சேந்தவர்மருக்கு வயது அறுபத்திரண்டு. இதைச் சபையில் யாரும் சொல்லக் கூடாது. சொன்ன அரண்மனை வைத்தியர் இப்போது பக்கத்து நாட்டில் இருக்கிறார்.

பட்டத்துக்கு வந்தபோது அரசருக்குப் பதினாறு வயது. முகமெல்லாம் பரு. அப்போதைய வைத்தியர் ஒரு பூச்சு சொன்னார். உவர்மண், எலுமிச்சைச் சாறு, கடுக்காய்த் தூள். காய்ந்த பீர்க்கங்கூட்டு நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் பூசிக் காயவிட வேண்டும். ஒரே மாதத்தில் பரு போயிற்று. சின்ன வயது, புது அதிகாரம். அந்தப் பூச்சைச் செப்பேட்டில் வெட்டச் சொல்லிவிட்டார். சந்திரர் சூரியர் உள்ளவரை தினமும் பூச வேண்டும். இதை அழிக்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.

செப்பேடு வெட்டியவனுக்கு அதுவரை நிலதானம் எழுதித்தான் பழக்கம். முகத்தையும் நிலம் மாதிரியே எழுதி, நான்கெல்லை போட்டு வைத்தான். யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. செப்பேட்டை யார் வாசிக்கிறார்கள்.

நாற்பத்தாறு வருஷம் ஓடியது. பரு போய்விட்டது, பூச்சு போகவில்லை. அரசர் முகம் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சிரித்தால் உதடு பிளந்து ரத்தம் வரும். ஆகவே சபையில் சிரிப்புக்குத் தடை. விதூஷகனுக்குக் குதிரை லாயத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

பூசுகிறவன் பெயர் உலகன். அரசரைக் குளிப்பாட்டும் மஞ்சனக்காரன். மேலே தலைமயிர்வரை பூசு என்று அவன் அப்பன் சொல்லிக் கொடுத்திருந்தான். உலகன் சொல் தட்டாதவன். மயிர் பின்வாங்கப் பின்வாங்க அவனும் பூசிக்கொண்டே போனான். அரைக் கிண்ணம் இரண்டு கிண்ணமாயிற்று. சட்டப்படி அரசருடைய முகம் இப்போது பிடரிவரை இருந்தது.

அப்போதுதான் அரசரின் பேத்தியைப் பெண் பார்க்க நான்கு நாளில் வருகிறோம் என்று ஓலை வந்தது. அரசர் கண்ணாடி பார்த்தார். உலகனைக் கூப்பிட்டார். நான்கு நாளில் முகம் வழுவழுப்பாக வேண்டும், பூச்சையும் நிறுத்தக் கூடாது, தவறினால் உன் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்றார்.

உலகன் நேரே சாத்தனிடம் ஓடினான். சாத்தன் நிலம் அளக்கும் அதிகாரி. அரசரிடம் வாய் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்புகிற ஒரே ஆள்.

"எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் அண்ணே. தடவ விட்டால்தானே."

"சொல்லிப் பார்த்தாயா?"

"என்னவென்று சொல்ல? வயசாயிட்டுது என்றா?"

சாத்தன் செப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னான். வாசித்தான். மறுபடியும் வாசித்தான். பிறகு அளவுக் கயிற்றைத் தேடி எடுத்தான்.

மறுநாள் காலை உலகனோடு சபையில் போய் நின்றான். ஒரு நிலத்தில் தகராறு, உடனே அளக்க வேண்டும் என்றான். எந்த ஊர் நிலம் என்று அரசர் கேட்டார். ஊர் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிச் செப்பேட்டை உரக்க வாசித்தான்.

"கீழ்த்திசை எல்லை இடக்காதுக்கு மேற்கு. மேற்றிசை எல்லை வலக்காதுக்குக் கிழக்கு. தென்னெல்லை மீசை முளையாத மேலுதட்டுக்கு வடக்கு. வடவெல்லை கருமயிர்க் காட்டுக்குத் தெற்கு. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட, பருப் படர்ந்த நிலம் ஒரு சாண்."

அரசர் வாயைத் திறப்பதற்குள் சாத்தன் சிம்மாசனத்தில் ஏறிவிட்டான். கயிற்றின் ஒரு முனையை மேலுதட்டில் வைத்து உலகனைப் பிடிக்கச் சொன்னான். மறுமுனையோடு வடக்கே போனான். மூக்கு தாண்டி, நெற்றி தாண்டி, உச்சி தாண்டிப் பின்பக்கம் இறங்கினான். சபை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இரண்டு சாண் நாலு விரல். அப்புறம்தான் காடு வருகிறது. அதுவும் கருங்காடு இல்லை. தென்னெல்லையில் மீசை இருக்கிறது. எல்லை பொருந்தவில்லை அரசே."

"நிலம் அதேதானே?"

"பருவைக் காட்டுங்கள்."

அரசர் தடவித் தேடினார். வெகு நேரம் தேடினார். கன்னத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். அது போன வருஷம் வந்த மரு என்று உலகன் மெல்லச் சொன்னான்.

எல்லை பொருந்தாத பட்டயம் அந்த நிலத்துக்குச் செல்லாது. இது போன மாதம் ஒரு வழக்கில் அரசரே சொன்ன தீர்ப்பு. சாத்தன் அதை ஞாபகப்படுத்தினான். அரசர் முறைத்தார்.

"அப்படியானால் இது என்ன நிலம்?"

"வெடித்த நிலம். வெடித்த நிலத்தை என்ன செய்யச் சொல்லித் தாங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்கள்?"

"ஏர் பூட்டக் கூடாது. முதலில் ஈரம் காட்ட வேண்டும்."

சாத்தன் திரும்பிப் பார்த்தான். உலகன் பீர்க்கங்கூட்டைத் தூரப் போட்டுவிட்டு நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். அரசர் கையை நீட்டித் தடுத்தார். பசுவின் ஞாபகம் வந்துவிட்டது.

"பாவம் வருமே, சாத்தா."

"ஏட்டை யார் அழித்தது? பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். அந்தப் பழைய நிலம் திரும்பி வருகிற அன்று தாராளமாகப் பூசிக்கொள்ளலாம்."

அரசர் சிரித்துவிட்டார். உதடு பிளந்தது. உலகன் ஓடிப்போய் வெண்ணெய் வைத்தான்.

மீதி நாளெல்லாம் எண்ணெய், வெண்ணெய், பயத்தமாவு. தேய்ப்பு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அரசரைப் பார்த்துப் பயப்படவில்லை. சம்பந்தம் முடிந்தது. உலகன் முதுகுத் தோல் உலகனிடமே இருந்தது. விதூஷகனையும் லாயத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள். குதிரைகளுக்குத்தான் வருத்தம்.

அரசர் சாத்தனுக்கு இரண்டு வேலி நிலம் கொடுத்தார். கையோடு செப்பேட்டுக்காரனையும் வரவழைத்து, எண்ணெய் வைத்தியத்தைச் சந்திரர் சூரியர் உள்ளவரை என்று வெட்டச் சொன்னார்.

சாத்தன் அவன் உளியைப் பிடித்துத் தடுத்தான்.

"எனக்குக் கொடுத்த நிலத்தைச் செம்பில் வெட்டுங்கள் அரசே. முகத்துக்கு ஓலை போதும். அந்த எல்லை இன்னும் நகரும்."