பாஸ்பேட் தங்கியதும் கால்சியம் போனதும்

உடம்புக்குள் இருப்பவையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலைக்காட்டில் நஞ்சி என்று ஒரு பெண் இருந்தாள். பாறை இடுக்குகளில் தேன் எடுப்பது அவள் வேலை. ஒரு நாள் கொடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாறை இறங்கியவளுக்குக் கை தளர்ந்தது. காலையிலிருந்து பட்டினி. மேலே கொடிக்குக் காவலாக நின்ற கணவன் காரையன், கூட்டிலிருந்து ஒரு வாய் தேன் குடித்துக்கொள்ளச் சொன்னான். குடித்தாள்.

தேனின் சர்க்கரை இரத்தத்தில் கலந்து கையின் தசை வரை போயிற்று. அங்கே கதவு சாத்தியிருந்தது. கணையத்தில் பிறந்த இன்சுலினுக்குத்தான் அதைத் திறக்கத் தெரியும். அவள் ஓடி வந்து திறந்துவிட்டாள். சர்க்கரை உள்ளே போயும் கையில் பலம் ஏறவில்லை. பாஸ்பேட்டும் கூட வந்தால்தான் சர்க்கரையைப் பலமாக மாற்ற முடியும் என்று தசை சொல்லிற்று.

பாஸ்பேட்டும் அவன் அக்காள் கால்சியமும் எலும்பில் சேர்ந்து குடியிருந்தவர்கள். இரத்தத்தில் எங்கே போனாலும் கைகோத்துக்கொண்டுதான் போவார்கள். இன்சுலின் தேடி வந்தபோது இருவரும் சிறுநீரகத்தின் வாசலில், வெளியே ஓடும் நீருக்குள் அகப்பட்டிருந்தார்கள். உடம்புக்கு வேண்டியவர்களைத் திரும்ப இழுத்துக்கொள்வது சிறுநீரகத்தின் வேலை. நஞ்சியின் நிலைமையைச் சொல்லி, இருவரையும் விடாமல் பிடிக்கும்படி இன்சுலின் அவனைக் கேட்டாள். அவனும் முயன்று பார்த்தான். தம்பியை இறுக்கினால் அக்காள் நழுவினாள். அக்காளை இறுக்கினால் தம்பி நழுவினான்.

வெளியே நஞ்சியின் ஒரு கை கொடியை விட்டுவிட்டது.

"அண்ணே, அவனைப் பிடியுங்கள். என்னை விட்டுவிடுங்கள்" என்றாள் கால்சியம்.

"நீ இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை, அக்கா" என்றான் பாஸ்பேட்.

"தெரியும்டா. எலும்பு நிறைய நம் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒருத்தி போனால் அவள் விழுந்துவிட மாட்டாள். நாளைக்குக் கேழ்வரகுக் கூழ் குடித்தால் என்னைப் போல இன்னொருத்தி வந்துவிடுவாள். நீ இப்போது போகாவிட்டால் அவளுக்கு நாளைக்கு என்பதே கிடையாது."

தம்பியின் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீர் அவளைக் கொண்டுபோயிற்று.

பாஸ்பேட் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இன்சுலினோடு தசைக்குப் போனான். சற்று நேரத்தில் நஞ்சியின் கை மறுபடியும் கொடியை எட்டிப் பிடித்தது. அவள் ஏற ஏறக் காரையன் கொடியை இழுத்தான். மேலே வந்து உட்கார்ந்தவள், ஏனென்று தெரியாமல் அழுதாள். விழப் பார்த்த பயம்தான் என்று அவன் நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கணையத்துக்குத் திரும்பும் வழியில் இன்சுலின் சிறுநீரக வாசலில் நின்றாள். இனி தான் வரும்போதெல்லாம் என்ன செய்வாய் என்று கேட்டாள். கால்சியம் சொன்னபடியே செய்வேன் என்றான் அவன்.

அன்றைக்குப் பிறகுதான், உடல்நலத்தோடு இருப்பவர்கள் இனிப்போ சோறோ சாப்பிட்டு இன்சுலின் புறப்படும்போதெல்லாம், இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட் செல்லுக்குள் போய்விடுகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் மட்டும் கொஞ்சம் சிறுநீரோடு இறங்கிப் போகிறது.