நொச்சிக்குக் குடி வராத குருவி

"மூணு வருஷம்மா! மூணு வருஷமா சேத்துல நிக்கிறேன். என் காலப் பாத்தா தவளையே சொந்தம் கொண்டாடும்!"

கத்தினது தில்லைநாயகம். பஸ்ல டிக்கெட் செக்கிங் பண்ணி ரிட்டையரான ஆளு.

எதிர்ல கீரை ஆஞ்சிட்டிருந்தது குரு செங்கமலம். அவரவிட இருபது வயசு சின்னவங்க. அதுலயே அவருக்குப் பாதி கடுப்பு.

மந்திரம் கேட்டு வந்தவரு கையில அம்மா ஒரு நொச்சிக் குச்சியக் குடுத்தாங்க. "ஏரிக்கரை ஈரத்துல நடுங்க. அதுல ஒரு குருவி கூடு கட்டுற அன்னிக்குச் சொல்றேன்"ன்னாங்க.

நொச்சி ஆள் உசரம் தாண்டி, பொதரா மண்டிப்போச்சு. குருவிதான் வரல.

"எனக்கப்புறம் வந்த அழகம்மை மந்திரம் வாங்கிட்டுப் போயி, தனியா ஆசிரமமே போட்டுடுச்சு!"

"அவ செடிக்குக் குருவி வந்துச்சு."

"நட்டதோட சரி, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல! நல்லா தூங்குனா! நான் அப்படியா? காலைல ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி, பொழுது சாய ஒருவாட்டி. கிளை கிளையா விலக்கி, தலைய உள்ள விட்டு, இண்டு இடுக்கு விடாம பாக்குறேன். என் கண்ணுக்கு ஒரு எறும்பு தப்பாது!"

அம்மா கீரைத்தண்ட ஒடிச்சாங்க.

"போதும்மா. உங்க மந்திரமும் வேணாம், குருவியும் வேணாம். பையக் கட்டிட்டேன்."

"சாப்ட்டுப் போங்க."

எலை போட்டாங்க. சோறு வச்சாங்க. சாம்பார் ஊத்தினாங்க.

அவரு மொத வாய் எடுத்தாரு. அம்மா நேரா எதிர்ல வந்து குந்துனாங்க. மூஞ்சி எலைக்கு ஒரு சாண் தூரம்.

ரெண்டாவது வாய். எலை ஓரத்தத் தூக்கி அடியில பாத்தாங்க.

மூணாவது வாய். தாடையப் புடிச்சு, வாய்க்குள்ளயே எட்டிப் பாத்தாங்க.

தில்லைநாயகம் எலையத் தள்ளிட்டுத் துள்ளி எழுந்தாரு.

"என்னம்மா இது அநியாயம்! வாய்க்கு நேரா வந்து உக்காந்துக்கிட்டு உத்து உத்துப் பாத்தா, ஒரு உசுரு எப்படிம்மா நிம்மதியா திங்கும்? எவன் இங்க இருப்பான்?"



அவரு சொன்னது அவரு காதுக்கே அப்பத்தான் போயிச் சேந்துச்சு.

மெதுவா உக்காந்தாரு. எலைய கிட்ட இழுத்துக்கிட்டாரு.

"கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

ஊத்திட்டு, அம்மா செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க.