சிரட்டையில் வந்த ஹார்மோன்

மேலக்கொம்படிக்காரர்களைப் பற்றி நான் குறைவாக ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் அக்கா மகன் சிவனணைந்தான் அங்கேதான் பெண் எடுத்தான். எங்கள் கீழக்கொம்படிக்கு இரண்டு மைல் மேலே, அதே வாய்க்கால் கரையில் இருக்கிற ஊர். தங்கமான ஜனங்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

ஊர்த்தலைவர் உலகநம்பி அண்ணாச்சி. அவர் மகள் பேச்சித்தாய்தான் கல்யாணப் பெண். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து முறிந்திருந்தது. முதல் தடவை, பெண் பார்க்க வருகிறவர்களை வாசலில் நிற்க வைக்காமல் வேனிலிருந்து நேரே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று அண்ணாச்சி சொல்லிவைத்தார். ஆட்கள் வேனை விட்டு நேரே வீட்டுக்குள் இறங்க வேண்டுமானால் வேனும் உள்ளே வரவேண்டுமே. வாசல் சுவரை இடித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை, அவர்கள் என்ன கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுங்கள் என்று சொன்னார். பெண்ணுக்கு ஏதும் நோய்நொடி உண்டா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். ஊரே தலையாட்டியது.

மூன்றாவது எங்கள் சிவனணைந்தான். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன். பேச்சித்தாய் வீட்டு மிஷினை ஒரே மாதத்தில் நான்கு தடவை ரிப்பேர் பார்த்தான் என்றால் விஷயம் உங்களுக்கே புரியும். பேச்சித்தாய் அப்பாவிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள். "எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு. இதுவும் கெட்டுப்போச்சுன்னா இனிமே யாரு முன்னாலயும் சேலை கட்டி வந்து நிக்கமாட்டேன்." அண்ணாச்சி அழுதேவிட்டார். இந்தத் தடவை ஒரு சின்னத் தப்பும் நடக்காது என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். அண்ணாச்சிக்குக் கொஞ்ச நாளாக உடம்பெல்லாம் குளிர், எந்நேரமும் தூக்கம், கழுத்தில் ஒரு வீக்கம். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, இரத்தம் எடுத்துச் சோதித்து, தைராய்டு சுரப்பது குறைந்துபோயிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். அப்படியென்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். அந்த அம்மாவுக்குப் பொறுமை அதிகம். உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினார்.

உடம்பில் சில சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றுக்குக் குழாய் கிடையாது. தான் சுரக்கிற ஹார்மோனை நேரே இரத்தத்தில் விட்டுவிடும். இரத்தம் அதை உடம்பெல்லாம் கொண்டுபோகும். ஆனால் பூட்டுக்குச் சாவி மாதிரி, யாருக்குப் போகிறதோ அவர் மட்டும்தான் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒன்று உட்கார்ந்து மற்ற சுரப்பிகள் பலவற்றுக்கு உத்தரவு போடும். வேலை முடிந்ததும் 'போதும்' என்று சேதி திரும்பி வரும், உத்தரவு நிற்கும். இதுதான் டாக்டரம்மா சொன்னது. ஒரு வார்த்தை தப்பில்லை.

அண்ணாச்சி அசந்துபோனார். ஒரு ஆள் நடக்கவில்லை, ஒரு ஆள் கத்தவில்லை, இவ்வளவு பெரிய உடம்பு ஓடுகிறதே. அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டினார்.

"இந்தக் கல்யாணத்தை நாம உடம்பு மாதிரி நடத்தப்போறோம்" என்றார்.

"இரத்தத்துக்கு எங்க போக, அண்ணாச்சி?"

"வாய்க்கால் இருக்குல்லா. எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கிட்டுத்தானே ஓடுது."

அது நியாயமாகப் பட்டது. காய்ந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் சீட்டு வைத்து மிதக்கவிடுவது, அதுதான் ஹார்மோன். மேலே பேர் எழுதியிருக்கும். பேருக்குரியவர் மட்டும் எடுக்கவேண்டும், மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. பிட்யூட்டரிக்கு ஊரிலேயே குள்ளமான தூசிமுத்துவைத் தேர்ந்தெடுத்தார்கள். வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி உயரமாக நிற்கிறது, அதன் மேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். அவருக்கும் மேலே மூளை என்று ஒன்று வேண்டும். அதற்கு ஊர் முழுக்க ஆள் தேடினார்கள். ஒருத்தரும் தேறவில்லை. சரி, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அட்ரீனல் என்று இரண்டு உண்டு, சிறுநீரகத்தின் மேல் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் இரட்டைப் பிறவிகளான கொம்பையா, குமரையா இரண்டு பேருக்கும் குல்லா மாட்டி, பஞ்சாயத்துக் கழிப்பறையின் கூரைமேல் உட்கார வைத்தார்கள். ஆபத்து என்றால் இவர்கள்தான் ஊரைக் கிளப்பவேண்டும்.

கணையம் வேலை மளிகைக்கடை இசக்கியம்மாளுக்கு. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், கணையம் இன்சுலினை அனுப்பும், அது போய்க் கதவைத் திறந்துவிட்டதும் சர்க்கரை உள்ளே போகும் என்று டாக்டரம்மா சொன்னது இசக்கியம்மாளுக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முந்தின நாள், பாயசத்துக்கு வைத்திருந்த இரண்டு மூட்டைச் சர்க்கரையையும் வாய்க்காலில் கொட்டினார்கள். அந்த அம்மாள் வீடு வீடாகப் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ஊரே நடு வீட்டில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. மத்தியானம் வரைக்கும் சர்க்கரை ஒரு வீட்டுக்கும் வரவில்லை. ஆடுகள் வந்தன.

இங்கே கீழே எங்கள் ஊரில் அன்றைக்கு வாய்க்கால் தண்ணீர் தித்தித்தது. சம்பந்தி வீட்டு மரியாதை என்று நாங்களும் ஆளுக்கு நாலு செம்பு குடித்தோம்.

கல்யாணத்தன்று காலையில் அவிழ்ந்துவந்த காளை ஒன்று பந்தலுக்குள் புகுந்து வாசல் வாழையைத் தின்ன ஆரம்பித்தது. பக்கத்தில் பதினைந்து பேர் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடு வாழையத் திங்குதே."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"விரட்டலாம்லா?"

"எனக்குச் சிரட்டை வந்திருக்கா? உமக்கு வந்திருக்கா? பிறகு நாம எப்படி வே விரட்ட?"

தொட்டி மேலிருந்து தூசிமுத்து மாட்டைப் பார்த்துவிட்டு ஒரு சிரட்டையை விட்டார். அது மெதுவாக மிதந்து கழிப்பறைக்கு வந்து சேர்வதற்குள் மாடு இரண்டு வாழையையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. குல்லாக்காரர்கள் சீட்டைப் படித்தார்கள். ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கவேண்டும், மூச்சு வாங்கவேண்டும், கண் விரியவேண்டும், வயிறு வேலையை நிறுத்தவேண்டும். கூரையிலிருந்து குதித்து இருவரும் ஊரை விரட்டினார்கள். மாடு இல்லாத தெருவில் சனம் கண்ணை அகல விரித்துக்கொண்டு மூச்சிரைக்க மூன்று சுற்று ஓடியது. வயிற்று வேலை நிற்கவேண்டும் என்பதால் சமையல் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

மறுபடி அடுப்பு மூட்டியதும் தூசிமுத்து சமையல்காரருக்கு, 'சோறு வடி' என்று எழுதி அனுப்பினார். 'போதும்' வருகிற வரைக்கும் உத்தரவை நிறுத்தக்கூடாது என்பது சட்டம். பத்து நிமிஷத்துக்கு ஒரு சிரட்டை வந்துகொண்டே இருந்தது. சமையல்காரர் மூன்று அண்டா வடித்ததும், 'போதும், இனி அனுப்ப வேண்டாம்' என்று சீட்டெழுதி வாய்க்காலில் விட்டார். மேலிடத்துக்குப் பேர் எழுதுவது மரியாதையில்லை என்பதால் பேர் எழுதவில்லை. வாய்க்கால் மேலே ஓடுமா? அது பாட்டுக்குக் கீழே போனது. அவர் போதும் போதும் என்று எழுதி விட்டுக்கொண்டே இருந்தார். தூசிமுத்து வடி வடி என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். சோறு பந்தலின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் போதும் எல்லாம் எங்கே போகும்? எங்களிடம்தான்.

நாங்கள் அறுபது பேர் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மேளத்தோடு வாய்க்கால் கரை வழியே வந்துகொண்டிருந்தோம். பெண் வீட்டிலிருந்து இந்த வழியில்தான் சேதி வரும் என்று அண்ணாச்சி முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சிரட்டை வந்தது. எடுத்துப் படித்தேன். 'போதும், இனி அனுப்ப வேண்டாம்.' நாங்கள் மேலக்கொம்படிக்காரர்கள் மாதிரி கிடையாது, எதையும் யோசித்துத்தான் செய்வோம். எது போதும்? அவர்களுக்கு நாங்கள் அனுப்புவது ஆட்களைத்தானே. அங்கே இடம் பற்றவில்லை போலிருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று முடிவுசெய்து முப்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். கால் மைல் போனதும் இன்னொரு சிரட்டை. பதினைந்து பேர் திரும்பினார்கள். அடுத்ததற்கு மேளக்காரர்கள் திரும்பினார்கள். அதற்கடுத்து என் அக்காவே திரும்பினாள், என்னைத் திட்டிக்கொண்டே.

கடைசியில் நானும் மாப்பிள்ளையும்தான் மிச்சம். அப்போதும் ஒன்று வந்தது. 'போதும் போதும் போதும்.' சிவனணைந்தான் பட்டு வேட்டியோடு கரையில் உட்கார்ந்து தேம்பித்தேம்பி அழுதான். என்னைத்தான் வேண்டாம்னு சொல்லுதாங்க மாமா, மிஷினை நாலு தடவை கழட்டினது தப்பாப் போச்சு என்றான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்திரு, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

அங்கே மேலே முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் காணோமே என்று பேச்சித்தாய் பந்தலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். சிரட்டை போயிருக்கும்மா, வந்துவிடுவார் என்று அண்ணாச்சி நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவள் வாய்க்காலைப் பார்த்தாள். சமையல்காரர் விட்ட சிரட்டை கீழே போய்க்கொண்டிருந்தது. அது யார் கையில் போய்ச் சேரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு சிரட்டையை எடுத்து, கண்மையால் மேலே பேரை எழுதி, உள்ளே சீட்டு வைத்து விட்டாள். பிட்யூட்டரி அல்லாதவர் உத்தரவு போடலாமா என்று நாலு பேர் விவாதம் தொடங்கினார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்கள்.

நாங்கள் திரும்பி நாலு எட்டு வைத்திருப்போம். அந்தச் சிரட்டை எங்களைத் தாண்டி மிதந்தது. சிவனணைந்தானுக்கு என்று எழுதியிருந்தது. எனக்கில்லை என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் தண்ணீரில் குதித்து எடுத்துப் படித்தான்.

"போதும்னு வந்ததெல்லாம் சோத்துக்கு. நீங்க வரலைன்னா நான் செத்துருவேன். ஓடி வாங்க. பேச்சி."

டாக்டரம்மா சொன்ன பூட்டும் சாவியும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை சிரட்டைக்கும் அழுதுகொண்டிருந்த பயல் இந்த ஒன்றுக்கு ஒரே ஓட்டமாக ஓடினான். முகம் சிவக்கிறது, நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. ஈர வேட்டியோடு பந்தலுக்குள் நுழைந்தான். பேச்சித்தாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. சோற்றை ஒதுக்கி மணவறைக்கு வழி செய்து கொடுத்தார்கள்.

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மாப்பிள்ளை பேருக்குத் தூசிமுத்துவிடமிருந்து சிரட்டை வந்தது. 'முடிச்சுப் போடு.' சிவனணைந்தான் தாலியை எடுத்து மூன்று முடிச்சும் போட்டான். எல்லோரும் பூப் போட்டார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஆனந்தமாக அழுதார். அப்போது அடுத்த சிரட்டை வந்தது. 'முடிச்சுப் போடு.'

புது மாப்பிள்ளை முதல் நாளே ஊர்ச் சட்டத்தை மீறினான் என்று பேர் வரக்கூடாதே. நாலாவது முடிச்சைப் போட்டான். பிறகு ஐந்தாவது. சமையல்காரர் தன் வழக்கப்படி, 'போதும்' எழுதிக் கீழே அனுப்பினார். இருபத்தாறாவது முடிச்சில் பேச்சித்தாய் குனிந்த தலை நிமிராமல், "போதுங்க" என்றாள்.

சிவனணைந்தான் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, சிரட்டை இல்லாம வாயால சொல்லுத போதும் செல்லுமா?"

சிக்கலான கேள்வி. பொண்டாட்டி பேச்சையும் தட்ட முடியாது, சட்டத்தையும் தட்ட முடியாது. அவசரப்பட்டு முடிவு சொல்ல நான் என்ன மேலக்கொம்படிக்காரனா? நீ கையை நிறுத்தாதே மருமகனே, நம்ம ஊரில் நாலு விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பி வந்தேன்.

இன்றோடு மூன்று நாளாகிறது. இங்கே பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. பாதிப் பேர் செல்லும் என்கிறார்கள், பாதிப் பேர் செல்லாது என்கிறார்கள். அதற்காக மாப்பிள்ளையைக் கைவிட முடியுமா? மஞ்சள் தடவிய நூல்கண்டு ஆறு அனுப்பிவைத்திருக்கிறோம்.