முகத்தைத் திறந்த கார்

வண்டிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், கார் என்றாலே பெரிதுதான். கல்யாணப் பந்தல் மாதிரி அகலம். பின்னால் நாலு மூட்டை அரிசி வைக்கிற பெட்டி, நடுவில் ஏழெட்டுப் பேர் உட்காருகிற இடம். பெரும்பாலும் அதில் உட்கார்ந்து போனது ஒரே ஓர் ஆள்.

பிரசவம் பார்க்கும் எஸ்தரம்மாவின் காரும் அப்படித்தான். அவளையும் அவளுடைய தோல்பையையும் சுமக்க, அவ்வளவு இரும்பையும் இழுத்துக்கொண்டு நகரம் முழுக்கத் திரிந்தது. பெட்ரோல் கிடைக்காத வருஷம் வேறு. மாலையானால் காருக்கு மூச்சு வாங்கும். எஸ்தரம்மாவுக்கு முழங்கால் வீங்கும்.

நகரமோ சந்துகளால் ஆனது. கார் எப்போதும் சந்து முனையிலேயே நின்றுவிடும். போகிற சைக்கிள்கள் மணியடித்து, "அண்ணே, வயித்தைக் கொஞ்சம் எக்குங்க, நாங்க போகணும்" என்று கேலி செய்யும்.

காருக்கு அந்தக் கேலி வலிக்கவில்லை. காத்திருப்பதுதான் வலித்தது. போன மாதம் புளியமரச் சந்தில், எஸ்தரம்மா நொண்டி நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் சாவியைத் திருகவில்லை. 

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், கார் அதே சந்து முனையில் வந்து நின்றதும், உள்ளேயிருந்து பொன்னுத்தாயின் புருஷன் சன்னாசி ஓடிவந்தான். "யம்மா, வாங்கம்மா! பொன்னுத்தாய்க்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு. புள்ளைக்குக் கால் முன்னால வருது!" சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினான்.

சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். எஸ்தரம்மா காலை வெளியே வைத்தாள். மடங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் மடங்கியது.

"முடியலையே சாமி," என்றாள்.

"காலை உள்ள எடுங்கம்மா, நான் போறேன்," என்றது கார்.

"நீயா? உன் மூக்குகூட உள்ள போகாதே."

"போகாததை விட்டுட்டுப் போறேன்."

நுழைந்தது. முதலில் மட்கார்டுகள் பிய்ந்தன. திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. அங்கேயே கழற்றிப் போட்டது. பின்சீட்டும் போனது. பின்சக்கரங்கள் இரண்டும் நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிட்டன. சுவரோரம் ஒதுங்கிய சைக்கிள் ஒன்று, "போதும்ணே, விடுங்கண்ணே" என்றது. அதில் கேலி இல்லை.

சந்தின் கடைசி வீடு. வாசல் நேர் எதிரே இருந்தது. ஆனால் காரின் இரண்டு கதவுகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் நுழைய இடமில்லை. வீட்டுக்குள் பொன்னுத்தாய் கத்தினாள். பிறகு சத்தம் நின்றுபோனது.

"பின்னால எடு, பின்னால எடு!" எஸ்தரம்மா பதறினாள்.

"தெம்பில்லைம்மா. முன்னால திறக்கிறேன்."

"முன்னால ஏதுடா கதவு? அது உன் முகம். அதைப் பிளந்துட்டா எதை வச்சுப் பேசுவே?"

கார் கொஞ்சம் யோசித்தது. காலையிலிருந்தே அதற்குக் களைப்பாகத்தான் இருந்தது.

"பேசி என்னம்மா ஆகப்போகுது," என்றது. "பையை எடுத்துக்குங்க."

முகத்தைத் திறந்தது. எஸ்தரம்மா நேராக வாசற்படியில் கால் வைத்தாள்.

வெகுநேரம் கழித்து ஒரு குழந்தை அழுதது, சந்து முழுக்கக் கேட்கும்படி.

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், "பொண்ணு. கேட்டுச்சா?" என்றாள்.

கார் பதில் சொல்லவில்லை. அடிவயிற்றிலிருந்து 'பீப்' என்று சின்னதாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. சந்து முனையில் நின்ற மற்றப் பெரிய கார்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு வாயடைத்துப் போனவைதான். அப்புறம் பேசவே இல்லை.

அன்று முதல்தான், அதன் வழியில் வந்த முட்டை மாதிரிச் சின்னக் கார்களுக்கு மூன்றே சக்கரம், இரண்டு பேருக்கு மட்டும் இடம், முகத்திலேயே கதவு. அன்று முதல்தான், பெரிய கார்கள் நிற்க இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கையில், வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் இந்தச் சின்னக் காரைச் சுவரோரக் கையகல இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த முகத்தை மட்டும் அடித்துச் சாத்தாமல் மெல்லச் சாத்திவிட்டு நடக்கிறார்கள்.