சாரம் பிரிச்ச அன்னைக்கு

இல்லடி வள்ளியம்மை, கல்லும் சுண்ணாம்பும் பிரிஞ்ச ஊரைச் சேக்காதுன்னு நீ சொல்லிட்டா ஆச்சா? கேளு.

ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் ஒரே ஊரு. கலவரத்துல பாலத்தை இடிச்சுப்புட்டாங்க. எதுக்குக் கலவரம்னு கேக்காத. எங்க சின்ன நாத்தனா ஒரு கத்திரிக்காய்க்காக, பேரன் பொறக்குற வரைக்கும் அவ அக்காகூடப் பேசல. அது கிடக்கட்டும்.

தாண்டவக் கொத்தனார்னு ஒரு குரு. புதுசா வளைவுப் பாலம் கட்ட வந்தார்.

வடகரைப் பாதியை அவரோட வடகரைச் சீடன் மருதப்பன் கட்டினான். தென்கரைப் பாதியைத் தென்கரைச் சீடன் கொம்பையா. மருதப்பனோட அண்ணன் அந்தக் கலவரத்துல செத்தவன்.

வேலை முடிஞ்சுது. அடியில தாங்குற மரச்சாரத்தைப் பிரிக்கணும். அப்போ கட்டினவன் வளைவுக்குக் கீழ நிக்கணும். கொத்தனார் வழக்கம் அது.

கோடை. ஆத்துல தண்ணி இல்ல. ரெண்டு கரையிலயும் சனம் கம்போட நிக்குது.

"நிக்க மாட்டேன் ஐயா," ன்னான் மருதப்பன். "அவன் பாதி என் தலையில விழும்."

"எப்படித் தெரியும்?"

"திருட்டு வேலை செய்வான்னு தினமும் அவன் கையையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"செஞ்சானா?"

"கண்ணுல படல."

"சரி. உன் பாதிக்குக் கீழ போயி நில்லு."

போனான். அண்ணாந்து பாத்தான்.

வடகரைச் சாந்து செவப்பு. நடுவுல ஒரு மூட்டுல மட்டும் வெள்ளைச் சாந்து. தென்கரைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு.

"என் கல்லுல கை வச்சவன் எவன்டா?"

வடகரையில கம்பெல்லாம் மேல எழும்புச்சு.

"நான்தான்," ன்னான் கொம்பையா.

"எதுக்குடா?"

"நீ என் கையவே பாத்துக்கிட்டு அந்த மூட்டுல சாந்து வைக்க மறந்துட்ட. நீ சாப்பிடப் போனப்ப வச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் உன் கையத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"உங்கிட்ட எவன் பேசுவான்?"

"பின்ன எதுக்கு வச்ச?"

"கூறுகெட்டவனே! உன் பாதி விழுந்தா என் பாதி ஆகாசத்துலயா நிக்கும்?"



குரு சுத்தியலைத் தூக்கினார். "எங்க நிக்கப் போற மருதப்பா?"

மருதப்பன் நடந்தான். கொம்பையா பாதிக்குக் கீழ, அவன் தோளோட தோளா நின்னான்.

"அடிங்க ஐயா."

அடிச்சார். சாரம் சரிஞ்சுது. கல்லு ஒருதரம் முனகுச்சு.

அப்புறம் சத்தமே இல்ல. வளைவு அப்படியே நின்னுச்சு.

என்னடி வாயப் பொளந்துட்டு இருக்க? தூத்தல் போடுது பாரு. அடியே பவளம், மாடியில காயுற வத்தலை உள்ள கொண்டா!